குசினி இறக்கவும் துரையின் கடிதமா?

லயத்துக் காம்பராவின் பின்சுவரை ஒட்டி நாலு மரம் நட்டு, தகரம் போட்டு, ஒரு குசினி இறக்குவதற்கும் தோட்ட நிர்வாகத்தின், அதாவது துரையின், அனுமதிக் கடிதம் வேண்டும் என்ற நடைமுறையைக் கைவிட அதிகாரத்தில் உள்ளோருக்கு இன்னும் மனம் வரவில்லை. ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில் இதைப் பேசிப் பேசியே மக்கள் ஓய்ந்துவிட்டார்கள்.

மாத்தளை நகரில் வீட்டுக்கு ஓர் அறை கூட்ட நினைப்பவருக்கு வழி உண்டு. காணி உறுதி, நில அளவைப்படம், கட்டட வரைபடம் ஆகியவற்றோடு உள்ளூராட்சி சபைக்குப் போகிறார். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று என்பதால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் தேவைப்படலாம். அலைச்சல்தான். ஆனாலும் மறுத்தால் ஏன் என்று கேட்கலாம், மேன்முறையீடு செய்யலாம். தோட்டத்தில் இருப்பவரிடம் முதல் தாளான உறுதியே இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனி நிர்வாகத்தின் கீழ் போன காணி அது. ஐந்தாறு தலைமுறையாக அங்கே பிறந்து, அங்கேயே புதைக்கப்படுகிறவர்களின் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆகவே அவர் போய் நிற்பது தோட்டத்து ஆபீஸ் வாசலில். அங்கே ஒரு தலையசைப்பில் எல்லாம் முடிந்துவிடும். மறுப்புக்குக் காரணமும் கிடையாது, எழுத்தும் கிடையாது.

அதிகாரத்தில் உள்ளோர் அந்த லயத்துக் காம்பராவுக்குள் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி. பக்கத்துக் காம்பராவைப் பிரிக்கும் சுவர் பல இடங்களில் கூரை வரை எட்டாது. அங்கே இருமினால் இங்கே குழந்தை விழிக்கும். மழை பெய்தால் ஆணித் துவாரங்களின் கீழே சட்டியும் வாளியும் வரிசையாக வைக்க வேண்டும். மகனுக்குக் கல்யாணம் முடிந்தால் இஸ்தோப்பை அடைத்து அறையாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இதையா சட்டவிரோதக் கட்டுமானம் என்கிறீர்கள்?

உயிர்ப் பாதுகாப்புக்கான பரிசோதனையை நாம் எதிர்க்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளைச் சரித்ததைப் பார்த்த எவரும் எதிர்க்கமாட்டார்கள். சரிவை ஆராய்ந்து, இங்கே கட்டலாம், இங்கே கூடாது என்று சொல்வது நிபுணரின் வேலை. துரையின் கையெழுத்தால் எந்த மண்ணும் சரியாமல் நிற்கப்போவதில்லை. அது காணி யாருடையது என்பதை நினைவூட்டும் கடிதம், அவ்வளவே.

அந்த நினைவூட்டல் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2023 ஆகஸ்டில் நாடே கண்டது. மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தவர்கள் மாத்தளையை அடைந்த அதே மாதத்தில், எல்கடுவ ரத்வத்தை தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிசை அடித்து நொறுக்கப்பட்டது. காணொளி பரவியது, அமைச்சர் ஓடி வந்தார், அறிக்கைகள் பறந்தன. கடிதம் கேட்கும் நடைமுறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆட்சியாளர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் வேலை செய்வதற்கே தடையாக நின்றது. தோட்ட மக்களின் வாக்கு மட்டும் வேண்டியிருந்தது. அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை 31 ஆண்டுகள் எடுத்தார்கள். குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி தருவோம் என்றார்கள். பதிவு செய்த முழு உறுதிக்காகப் பல குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளில், முதற்கட்டமான 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்ட 2024 பெப்ரவரி ஆயிற்று. ஆக, புது வீடும் தரமாட்டார்கள், பழைய காம்பராவைத் திருத்திக்கொள்ளவும் விடமாட்டார்கள். வெட்கமாக இல்லையா?

தோட்டத்தில் குடியிருப்பவர் தன் கூரையை மாற்றவும் சுவரைத் திருத்தவும் கம்பனியின் தயவில் நிற்கும் நிலைக்கு உரியவர்கள் இனியாவது ஒரு முடிவு கட்ட வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன் அது நடக்க வேண்டும்.