வயிற்றைக் கலக்குவதும் நடிப்பா?

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளியில் விழுந்தாள், கை கால் இழுத்துக்கொண்டது. மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எடுத்தார்கள், நார்மல். அவ்வளவுதான், போன வாரம் ஒரு வளைகாப்புப் பந்தியில் உறவுக்காரப் பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எல்லாம் நடிப்புங்க. பரீட்சைக்குப் பயந்துக்கிட்டு செய்யுது." பந்தியே தலையாட்டியது. எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

இதே பெரியவருக்கு மகள் கல்யாணத்தன்று வயிற்றைக் கலக்கி, தாலி கட்டும் நேரத்தில் ஆளைக் காணோம் என்று மண்டபமே தேடியது. அது நடிப்பா? பதற்றம் குடலைக் கலக்கலாம், கை காலை மட்டும் உதறக் கூடாதாம். யார் போட்ட சட்டம்?

வலிப்பு நோய் சாராத வலிப்பாக இது இருக்கலாம். அதில் மூளையில் மின்கோளாறு இருக்காது. அவள் வேண்டுமென்று செய்வதும் இல்லை, பெரியவர் வேண்டுமென்று கலக்கிக்கொள்ளாதது போலவே. வலிப்பு நோயில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், 2 நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும். இதில் கண் இறுக மூடியிருக்கும், தலை இடமும் வலமும் ஆடும், உதறல் அடங்கி அடங்கி எழும், நெடுநேரம் நீளும். "கண்ணைத் திறக்க விடமாட்டேங்குது பாருங்க!" என்று கையும் களவுமாகப் பிடித்த பெருமையோடு சொல்கிறார்களே, அதுவே ஓர் அறிகுறி ஐயா!

நார்மல் இஇஜி எதையும் நிரூபிக்காது. அசல் வலிப்பு நோயாளிக்கும் இடைப்பட்ட நேரத்தில் நார்மலாக வரலாம். விழும்போதே பதிவாகும் வீடியோ இஇஜிதான் உறுதி சொல்லும். அது கிடைக்காத ஊரில் செல்போனில் எடுத்த வீடியோவாவது டாக்டருக்கு உதவும். நம்மவர்களோ சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். இரும்பைப் பிடித்து வலிப்பு நின்றது சினிமாவில்தான்.

இன்னொரு கூட்டம் வருடக்கணக்கில் ஃபிட்ஸ் மாத்திரை கொடுக்கும். இந்த வலிப்பு அதற்கு மசியாது. அதிலும் வால்ப்ரோயேட், பின்னாளில் கர்ப்பகாலத்திலும் தொடர்ந்தால் கருவையே பாதிக்கக்கூடியது. (இரண்டு வலிப்பும் ஒருவருக்கே இருக்கலாம், டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.) மனநல ஆலோசனை என்றாலோ, "எங்க பொண்ணுக்கென்ன பைத்தியமா?" என்று சண்டைக்கு வருவார்கள்.

பள்ளிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விடிந்தும் விடியாமலும் சிறப்பு வகுப்பு, ஞாயிறன்றும் டெஸ்ட், எல்லார் முன்னாலும் மார்க் வாசிப்பு. பஸ்ஸில் எவன் சீண்டினான், வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க ஒரு நாதியில்லை. விழுந்த பிள்ளையிடம் கேட்பது ஒன்றே ஒன்று: இனி விழமாட்டாள் என்று டாக்டர் சர்டிபிகேட். பெரியவருக்கு இனி வயிற்றைக் கலக்காது என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்?