பாரமும் வேகமும்

மோட்டார்ப் பந்தயத்தில் மோகங்கொண்ட நம் மாணவர், வண்டியின் குதிரைச் சக்தியையே வினவுகின்றனர். எடையை வினவுவார் அரியர். இது முறையன்றென்பது நம் கருத்து.

கோவையின் காலஞ்சென்ற எஸ். கரிவரதன் 1980-களின் பிற்பகுதியில் அமைத்த பார்முலா மாருதி பந்தய வண்டியை நோக்குக. அதற்கு உயிராயிருந்தது மாருதி 800-இன் 796 சி.சி. யந்திரமே. வீட்டு வண்டியில் 37 குதிரைச் சக்தி ஏறத்தாழ 650 கிலோவை இழுக்கின்றது. அஃதாவது டன் ஒன்றுக்கு 57. அதே யந்திரத்தை 400 கிலோ வண்டியொன்றில் பொருத்துவோமாயின், அதில் ஒரு திருகாணியையும் மாற்றாமலே 92 ஆகும். மேலும், மிகுந்த சக்தி பெரும்பாலும் நேர்வழியிலேயே பயன்படும். குறைந்த பாரமோ பிரேக் பிடிக்குங்காலும் வளைவிலும் துணைசெய்யும். ஓட்டுநரின் உடலும் பாரமே. விடுதி உணவில் பற்றுடையோர் கவனிப்பாராக! இவ்வகை வண்டியில் பந்தயந் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

ஆயினும், ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தை அறுத்து எடை குறைத்தல் அறிவீனம். செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயர் தாங்கிய ஓடுகளம் 2003 முதல் இருக்க, நம்மவர் அவிநாசி சாலையில் வேகம் பழகுவானேன்? நம் பௌதிக வகுப்பினர் ஒருமுறை அங்கே தராசுடன் செல்லவேண்டுமென விரும்புகின்றோம்.