முதலில் ஓட்டை எங்கே என்று பாருங்கள்

"புது லேப்டாப் வாங்கியிருக்கிறேன். வை-பை இணைப்பு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை துண்டிக்கப்படுகிறது. என்ன செய்வது?"

கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால், அரியலூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரான விக்கிரமங்கலத்துக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியுடன் வந்துவிடுகிறார். வருவதற்கு முன்பே அவர் ஏதாவது ஒரு செலவையும் செய்து முடித்திருப்பார். ஒருவர் விண்டோஸை பார்மட் செய்திருப்பார். ஒருவர் புது ரௌட்டர் வாங்கியிருப்பார். இன்னொருவர் இணைப்பையே வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருப்பார். துண்டிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவரைப் பாருங்கள். டியூபைக் கழற்றிய உடனே ஒட்டுப் போடமாட்டார். காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் அடையாளம் வைத்துக்கொண்டு பிறகுதான் ஒட்டுவார். வை-பை விஷயத்தில் நாம் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதே இல்லை. நேராக ஒட்டுப் போடுகிறோம். இது தவறு என்பதே என் கருத்து. இந்தத் தவறை நானும் செய்தேன்.

கடந்த ஆண்டு கல்லூரி இறுதியாண்டு படித்த என் தங்கைக்கு அப்பா லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் பைபர் இணைப்பு இருந்தது. வாங்கிய நாளிலிருந்தே வை-பை அடிக்கடி துண்டிக்கப்பட்டது. அவள் போன் செய்தபோதெல்லாம், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்று சென்னையிலிருந்து சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். விற்ற கடையில் "இணைப்பு கொடுத்த நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றார்கள். அந்த நிறுவனத்தில் "எங்கள் லைன் சரியாக இருக்கிறது, லேப்டாப்பைப் பாருங்கள்" என்றார்கள். மூன்று வாரம் இப்படியே போனது.

அதன் பிறகு ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு வீடியோவில் நடந்தது. அரை மணி நேரத்தில் மூன்று முறை இணைப்பு போனது. மூன்றாவது முறை அவள் திரும்பி உள்ளே வந்தபோது, "பிறகு தெரிவிக்கிறோம்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். பிறகு தெரிவிக்கவே இல்லை.

"கிராமத்துல உட்கார்ந்துகிட்டு இதெல்லாம் நடக்காதுண்ணா" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை உறுத்தியது. லைன் சரியில்லை, லேப்டாப் சரியில்லை என்பதெல்லாம் போய், கடைசியில் பழி ஊரின் மேல் விழுந்துவிட்டது. எதையும் சோதித்துப் பார்க்காமலே!

பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் சோதித்துப் பார்த்தேன். செலவு எதுவும் இல்லாத அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம்.

இரண்டு கறுப்பு விண்டோ

உங்கள் லேப்டாப்பிலிருந்து இன்டர்நெட் வரை உள்ள பாதையை இரண்டு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பிலிருந்து ரௌட்டர் வரை முதல் துண்டு. இது உங்கள் வீட்டுக்குள், காற்றில் நடக்கிறது. ரௌட்டரிலிருந்து வெளியுலகம் வரை இரண்டாவது துண்டு. இது நிறுவனத்தின் பொறுப்பு. எந்தத் துண்டு அறுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் என்னும் கறுப்பு விண்டோ திறக்கும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எப், ஐ, ஜி என்ற எழுத்துகளை இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டவும். வரும் பட்டியலில் வை-பை பகுதியில் 'டிபால்ட் கேட்வே' என்பதற்கு எதிரே, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 என்பது போல இருக்கும். அதுதான் உங்கள் ரௌட்டரின் முகவரி.

இனி பி, ஐ, என், ஜி என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு அந்த முகவரியைக் கொடுத்து, மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, சிறிய கோடு ஒன்றும் அதை ஒட்டி டி என்ற எழுத்தும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ரௌட்டரிடமிருந்து விநாடிக்கு ஒரு பதில் வந்துகொண்டே இருக்கும். இன்னொரு கறுப்பு விண்டோவைத் திறந்து, இதே கட்டளையை 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள். இது கூகுள் நிறுவனம் 2009 முதல் அனைவரின் பயன்பாட்டுக்கும் நடத்திவரும் டி.என்.எஸ். சர்வரின் முகவரி. இரண்டு விண்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். துண்டிப்பு வரும்போது இரண்டையும் பாருங்கள்.

இரண்டாவது மட்டும் நின்று, ரௌட்டர் தொடர்ந்து பதில் தந்தால் பிரச்னை வெளியே. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் பிரச்னை வீட்டுக்குள். சோதனையை நிறுத்த கன்ட்ரோல் கீயுடன் சி அழுத்தினால், எத்தனை பதில்கள் தவறின என்ற கணக்கும் கிடைக்கும். சில ரௌட்டர்கள் பிங் கட்டளைக்கு ஆரம்பத்திலிருந்தே பதில் தராது. அப்படியானால், அதே வை-பையில் இணைந்துள்ள மொபைல் போனில் அந்த நேரத்தில் இன்டர்நெட் வருகிறதா என்று பாருங்கள். போனின் மொபைல் டேட்டாவை முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் ஏமாந்துபோவீர்கள்.

எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது நிமிடம் இரண்டு விண்டோக்களும் ஒன்றாக நின்றன. கூடத்தில் அப்பாவின் போனில் வீடியோ தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் லைன் மீது தப்பில்லை; ஊர் மீதும் தப்பில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரௌட்டர் பக்கத்திலேயே வைத்தேன். அங்கும் நின்றது. எனவே தூரமும் காரணம் இல்லை. சார்ஜரைச் செருகினேன். ஒரு மணி நேரம் ஆகியும் துண்டிப்பு இல்லை! சார்ஜரை எடுத்தேன், மறுபடி நின்றது. குமிழி அங்கேதான் வந்துகொண்டிருந்தது.

பேட்டரியை மிச்சப்படுத்த, லேப்டாப் தன் வை-பை பகுதிக்குத் தரும் மின்சாரத்தைக் குறைக்கிறது. இது குறைபாடு அல்ல. வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. ஆனால் சில லேப்டாப், சில ரௌட்டர் சேர்க்கையில் இந்தச் சிக்கனமே இணைப்பை அறுத்துவிடுகிறது. என் தங்கை, வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே பிளக் பாயின்ட் இல்லை. நேர்முகத் தேர்வு முழுவதும் பேட்டரியில் நடந்தது.

சரிசெய்யும் வழி

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' தேர்ந்தெடுங்கள். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பிரிவை விரித்து, வயர்லெஸ் அல்லது வை-பை என்ற பெயர் உள்ள வரியில் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' செல்லுங்கள். அங்கே 'பவர் மேனேஜ்மென்ட்' டேபில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும் வரி இருக்கும். அதன் முன் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கிளிக் செய்யவும்.

அடுத்து, கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' திறந்து, நீங்கள் பயன்படுத்தும் திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளுக்குச் சென்று 'வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ்' பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது, மின்சாரத்தில் ஓடும்போது என இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் 'மேக்சிமம் பெர்பார்மன்ஸ்' வையுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் இந்த இரண்டு இடங்களுமே காட்டப்படுவதில்லை. அப்போது லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான வை-பை டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். டிரைவரைப் புதுப்பித்த பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் 'டிரைவர்' டேபில் உள்ள 'ரோல் பேக்' மூலம் பழையதற்குத் திரும்பலாம்.

ரௌட்டர் அருகில் சரியாகவும் உள் அறையில் மோசமாகவும் இருந்தால் காரணம் வேறு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் பலவீனமாகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு; ஆனால் அதிக தூரம் எட்டும். உள் அறைக்கு 2.4 போதும். ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், உயரமான திறந்த இடத்தில் வையுங்கள்.

பிரச்னை வெளியே என்று தெரிந்தால், துண்டிக்கப்பட்ட நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். பைபர் மோடத்தில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். அதையும் சொல்லுங்கள். "நெட் சரியாக வரவில்லை" என்பவரை எளிதில் திருப்பி அனுப்பிவிடலாம். "காலை 10.10, 10.35, 11.05 மூன்று முறையும் ரௌட்டர் பதில் தந்தது, வெளியே போகவில்லை" என்பவரை அப்படி அனுப்ப முடியாது.

யார் செய்ய வேண்டிய வேலை?

"காசு கொடுத்து வாங்கியவன் இதையெல்லாம் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. லேப்டாப் விற்கும் கடைகள் பையும் மவுசும் இலவசமாகத் தருகின்றன. அதோடு பத்து நிமிடம் செலவிட்டு இந்தச் சோதனையைக் காட்டிக் கொடுத்தால் என்ன? உதவி மையங்களில் முதல் கேள்வியாக "அதே நேரத்தில் போனில் வருகிறதா?" என்று கேட்டாலே வாடிக்கையாளரை இங்கும் அங்கும் அலைய விடவேண்டியிருக்காது.

நான் பிளஸ் டூ படித்தபோது, தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில்தான் என் முதல் லேப்டாப் கிடைத்தது. அன்று எங்கள் தெருவில் வை-பை என்ற பேச்சே இல்லை. இன்று நிலைமை வேறு. தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்ல பாரத்நெட் திட்டம் இலக்கு வைத்தது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் தரப்படும் என்று 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் மாநில அரசு அறிவித்தது. லைனுக்கும் கருவிக்கும் இவ்வளவு செலவிடும்போது, இரண்டுக்கும் நடுவே வீட்டுக்குள் இருக்கும் பதினைந்து அடி தூரத்துக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்தால் போதும். பல மாணவர்களின் அலைச்சல் மிச்சமாகும்.

அதுவரை அந்தச் சோதனையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். லேப்டாப் வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் சார்ஜரிலும், ஒரு மணி நேரம் பேட்டரியிலும் இரண்டு கறுப்பு விண்டோக்களையும் ஓடவிட்டுப் பாருங்கள். முக்கியமான நாளில் முதல் முறையாகச் சோதிக்காதீர்கள்.

பொங்கல் முடிந்து இரண்டு மாதம் கழித்து, அதே ஜன்னலோர மேஜையில் என் தங்கை இன்னொரு நேர்முகத் தேர்வை நாற்பது நிமிடம் துண்டிப்பே இல்லாமல் முடித்தாள். அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த முறை அவள் சொன்ன பதில்களைக் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள். "பரவால்லண்ணா, அடுத்ததுக்குப் படிக்கணும்" என்றாள். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.