கொழுத்த புழுவும் நீண்ட நாள் வாழும்

ஓடென்ஸ் நகரிலுள்ள தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் நில்ஸ் ஃபேர்கெமனின் குழு ஒரு மில்லிமீற்றர் நீளமான புழுக்களின் கொழுப்பை ஆராய்கிறது. புழுவின் பெயர் சி. எலிகன்ஸ். கண்ணாடி போன்ற உடல், இரண்டு மூன்று கிழமை ஆயுள். ஓர் உயிர் பிறந்து முதுமையடைந்து இறப்பதை ஒரு மாதத்துக்குள் பார்த்துவிடலாம் என்பதால் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இதை வளர்க்கிறார்கள்.

எங்களுக்கும் இந்தப் புழுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள்.

எங்கள் கொண்டாட்ட மண்டபங்களில் முதல் விசாரிப்பே உடம்பைப் பற்றித்தான். “என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டாய்?” இல்லாவிட்டால், “ஏன் இப்படி இளைச்சுப் போனாய், அம்மா சாப்பாடு தாறேல்லையோ?” கைத்தொலைபேசியைத் திறந்தால், பட்டினி கிட, கொழுப்பை எரி, நூறு வயது வாழலாம் என்று காணொளிகள். அன்ரிமாருக்கும் காணொளிக்காரருக்கும் ஒரே நம்பிக்கை: ஆளைப் பார்த்தே சுகத்தை அளந்துவிடலாம். புழுக்களில் நடந்த ஆய்வுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

2008இல் அமெரிக்காவில் மெங் வாங், கெரி ருவ்குன் ஆகியோரின் ஆய்வு வெளியானது. புழுவின் குடலில் கொழுப்பை உடைக்கும் ஒரு நொதியத்தைக் கூட்டியபோது புழு மெலிந்தது, ஆயுளும் கூடியது. அப்படியென்றால் மெலிவுதான் மருந்தா? 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆன் புருனேயின் குழு நேர் எதிரான ஒன்றைக் கண்டது. அவர்களுடைய நீண்ட ஆயுள் புழுக்களின் குடலில் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்திருந்தது. ஒலிவ் எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இருக்கும் ஒலெயிக் அமிலத்தைச் சாதாரண புழுக்களுக்கு உணவோடு கொடுத்தபோது அவற்றின் ஆயுளும் கூடியது. அதே ஆண்டு ஓடென்ஸ் குழு, பட்டினி கிடக்கும் புழு உயிர் தப்புவதில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதங்களுக்கு மைய இடம் உண்டு என்று காட்டியது.

ஆகவே எவ்வளவு கொழுப்பு என்பது மட்டும் கேள்வி அல்ல. எந்த வகைக் கொழுப்பு, எங்கே இருக்கிறது, அங்கே என்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இதைக் கேட்டு யாரும் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தூக்க வேண்டாம். கிண்ணத்தில் பக்ரீரியா தின்று வாழும் புழுவின் ஆயுளை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் “எங்கே” என்ற கேள்வி எங்களுக்கு மிகவும் பொருந்தும். ஒஸ்லோவில் குடியேறியவர்களைப் பற்றி 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே உடற்பருமன் சுட்டெண் உள்ள மற்றவர்களைவிட இலங்கையர்களுக்கும் பாகிஸ்தானியர்களுக்கும் இடுப்புப் பகுதியில் பருமன் கூடுதலாக இருந்தது. நோர்வேயில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள்தான் அந்த இலங்கையர்கள். உலக சுகாதார நிறுவனமும் 2004இலேயே, ஆசியர்களுக்கு வழமையான 25 என்ற எல்லைக்கு முன்பே, 23இலிருந்தே கவனம் வேண்டும் என்றது.

வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் சீனி வருத்தத்துக்கும் இருதய நோய்க்கும் கூடுதலாக வழிவிடுகிறது. கை கால் மெலிந்த ஒருவரை “நல்ல உடம்பு” என்று மண்டபம் பாராட்டும்போது, அவருடைய இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டிருக்கலாம். “குண்டு” என்று பெயர் வாங்கி, வெட்கத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு எந்த வருத்தமும் இல்லாமலிருக்கலாம். ஒருவரைப் பொய்யாக ஆறுதல்படுத்துகிறோம், மற்றவரை வீணாகக் காயப்படுத்துகிறோம்.

என் கருத்து இதுதான். அடுத்தவரின் உடம்பைப் பற்றிய விசாரிப்பை எங்கள் தலைமுறை நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக அளக்க வேண்டியதை அளப்போம். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வளர்ந்த தெற்காசியர்களுக்குச் சொல்லும் இடுப்புச் சுற்றளவு எல்லை, ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சீனி வருத்தம் இருந்தால், மெலிந்தவராக இருந்தாலும் குடும்ப வைத்தியரிடம் போய் இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். டென்மார்க்கில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

அடுத்த முறை “உடம்பு வைச்சிட்டாய்” என்று அன்ரி சொன்னால் கோபிக்க வேண்டாம். “அன்ரி, நீங்கள் கடைசியாக எப்ப சீனி பார்த்தனீங்கள்?” என்று அன்பாகக் கேளுங்கள்.