உயரத்தின் விலை

வன்னி நாட்டு வயற்பாதைகளில் காலபோக மழை தொடங்கிவிட்டால், பழைய பிக்கப் வாகனமொன்றை வைத்திருக்கும் குடும்பங்களில் ஒரு பேச்சுத் தவறாமல் எழும். “வாகனத்தைச் சற்று உயர்த்தினால் என்ன, ஐயா?” என்று மகன் கேட்பான். “அது உள்ளபடியே இருக்கட்டும், தம்பி” என்பார் தந்தை. இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்த நியாயங்களை நிறுத்துப் பார்ப்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய வாகனத்தைப் பேணுவது நம்மவர்க்குப் புதிதன்று. 1990களின் எரிபொருட் பஞ்சத்தில், பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் யாழ்ப்பாணம். பின்னர், 2020 மார்ச்சு மாதத்தில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அக்கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேயாகும். திறந்தபோதும் தீர்வை பெருஞ்சுமையாகவே இருந்தது. ஆகவே, 1988க்கும் 1997க்கும் இடையில் உற்பத்தியான டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகள், முப்பது ஆண்டு கடந்தும் நெல்மூடை சுமக்கின்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளரை வைத்தியசாலைக்கும் கொண்டு செல்கின்றன. இத்தகைய வாகனத்தின் உயரத்தை மாற்றுவது வெறும் அலங்காரமன்று. அதில் ஏறுவோர் அனைவரையும் தொடும் கருமமாகும்.

முதலில், வாகனத்தைத் தாங்கி நிற்பது எது என்பதை மாணவர்க்குச் சொல்லிவிடுவோம். நம் முன்னோர் மாட்டுவண்டிகளுள் ஒருவகையை ‘வில்வண்டி’ என்று அழைத்தனர். உருக்குத் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வில்போல் வளைத்து, அச்சுக்கும் வண்டிக்கும் இடையே பொருத்தியமையால் வந்த பெயர் அது. அதே வில்தான், கராஜ்காரர் வாயில் ‘பிளேட்’ என்னும் பெயருடன், இன்றும் பிக்கப்பின் பின்னச்சில் இருக்கிறது. நாம் குறிப்பிட்ட ஹைலக்ஸின் நான்கு சக்கர இயக்க வகைகளில், முன்னச்சும் இத்தகைய வில்லின் மீதே நிற்பதைப் பரவலாகக் காணலாம். இரு சக்கர இயக்க வகையில் முன்புறத்தைத் தாங்குவது முறுக்குக் கம்பி. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் காரின் முன்புறத்தைத் தாங்கியதும் இவ்வகைக் கம்பியே.

வில்லின் இயல்பை 1678இலேயே றொபேட் ஊக் என்னும் ஆங்கிலேய அறிஞர் வெளியிட்டுவிட்டார். சுமை இரட்டித்தால் தாழ்வும் இரட்டிக்கும் என்பதே அவ்விதியின் சாரம். 250 கிலோ ஏற்றும்போது 5 சென்ரிமீற்றர் தாழும் வில், 500 கிலோவுக்கு 10 சென்ரிமீற்றர் தாழும். ஆனால் இவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. ஆண்டுக்கணக்காக அளவுக்கு மிஞ்சிச் சுமந்த உருக்கு, சுமையை இறக்கிய பின்னரும் பழைய வளைவுக்கு மீளாது, நிரந்தரமாகத் தாழ்ந்துவிடும். மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தது, அச்சுக்கு மாத்திரமன்றி வில்லுக்கும் பொருந்தும்.

இங்கேதான் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்துப் பிறக்கிறது. பழைய பிக்கப்புக்கு வேண்டியது பல வேளைகளில் புதிய உயரமன்று. அது இழந்துவிட்ட பழைய உயரமே. ஆதலின் பணத்தை எடுக்குமுன் அளவு நாடாவை எடுத்தல் வேண்டும். வாகனத்தைச் சுமையின்றிச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் அதற்கு நேர்மேலேயுள்ள மட்காட்டின் விளிம்புவரை அளந்து குறித்துக்கொள்க. இடப்புறமும் வலப்புறமும் வேறுபட்டால், ஒருபக்க வில் களைத்துவிட்டது என்றோ தகடு உடைந்துள்ளது என்றோ ஐயுறலாம். பின்புற வில் வளைவிழந்து நேராகிவிட்டதா, தகடுகளுக்கிடையே துரு ஏறியுள்ளதா, வில்லின் முனைகளிலுள்ள இறப்பர் புஷ்கள் கிழிந்துள்ளனவா என்பனவற்றையும் பார்த்தல் வேண்டும்.

அடுத்து ஷொக் அப்சோபர். அதிர்ச்சியை முதலில் ஏற்பது உண்மையில் வில்லே. வில்லின் ஊசலாட்டத்தை அடக்குவதே ஷொக் அப்சோபரின் தொழில். வாகனத்தின் ஒரு மூலையை அழுத்தி விட்டால், அது ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். தொட்டில்போல் ஆடிக்கொண்டிருந்தாலும், குழாயின் வெளியே எண்ணெய் கசிந்திருந்தாலும், அதன் ஆயுள் முடிந்தது என்க. இவற்றைப் புதுப்பித்த அளவிலேயே வாகனம் பழைய உயரத்துக்கு மீண்டு, உயர்த்தும் எண்ணமே தேவையற்றுப் போவதும் உண்டு.

செலவைக் குறைக்கவென்று, தாழ்ந்த வில்லைக் கொல்லன் உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்துத் தருவோர் உளர். வில்லுருக்கின் வலிமை, அதனைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய முறையிலேயே தங்கியுள்ளது. மறுபடி முறையாகப் பதப்படுத்தாமல் வளைத்த தகடு, பார்வைக்கு நிமிர்ந்து நிற்கும். சில மாதங்களில் மீண்டும் தாழும், அல்லது முறியும். அச்செலவு சிக்கனமாகாது.

இவையெல்லாம் செய்தபின்னும் உயரம் போதவில்லையெனில், வழிகள் சில உள. வளைவு மிகுந்த புதிய வில்லை முழுமையாக மாற்றுவது சிறந்த வழி. பழைய அடுக்கில் ஒரு தகட்டைச் சேர்ப்பது மலிவான வழி. ஆனால் வில் கடினமாவதால், வெறும் வாகனத்தில் செல்வோரின் முதுகு அதன் விலையைச் செலுத்தும். வில்லின் முனையைத் தொங்கவிடும் சக்கிளை நீட்டுவது மற்றொரு வழி. சக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வாகனம் ஏறத்தாழ 1 அங்குலமே உயரும். அதையும் முன்னச்சில் செய்தால் அச்சின் சாய்வு மாறி, ஸ்ரியரிங் நேர்நிலை பேணாது அலையக்கூடும். பின்னச்சுக்கும் வில்லுக்கும் இடையே இரும்புக்கட்டை வைப்பாரும் உளர். அக்கட்டையை முன்னச்சில் வைத்தலும், பின்னச்சில் ஒன்றன்மேலொன்றாக அடுக்குதலும் ஒருபோதும் செய்யத்தகாதவை. முறுக்குக் கம்பியுள்ள வாகனத்தில் ஓர் ஆணியைத் திருகினாலே முன்புறம் எழும். ஆயின் சக்கரம் கீழ்நோக்கி இறங்குவதற்குரிய இடம் அந்த அளவுக்குக் குறையும், சக்கரங்களின் நேர்நிலையும் கெடும். ஆகவே, எழுப்பியவுடன் அதனை அளந்து சீர்செய்தல் கட்டாயமாகும்.

இனி, பலரும் எண்ணிப்பாராத ஓர் உண்மை. சேற்றிலும் கல்லிலும் முதலில் தட்டுவது, பின்னச்சின் நடுவே பூசணிக்காய்போல் திரண்டிருக்கும் டிபரன்ஷியல் உறையாகும். வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் இவ்வுறை ஒரு நூலளவும் உயராது. உயர்வது அதற்கு மேலேயுள்ள உடலே. அச்சை உயர்த்த வல்லது ரயர் ஒன்றுதான். 29 அங்குல விட்டமுள்ள ரயரை நீக்கி 31 அங்குல ரயரைப் பூட்டினால், அச்சு 1 அங்குலம் உயரும். அதற்கும் விலையுண்டு. வேகமானி 60 என்று காட்டும்போது வாகனம் உண்மையில் 64 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்; எஞ்சினின் இழுவை குறையும்; பிறேக்கின் பணி மிகும்.

உயரத்தின் பெருவிலையை ஒரு சிறு கணக்கால் காட்டுவோம். இருபக்கச் சக்கரங்களுக்கும் இடையேயுள்ள அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இருமடங்கால் வகுத்தால் வருவது, வாகனம் கவிழாது நிற்கும் திறனைக் காட்டும் எண். ஐக்கிய அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிருவாகமும் 2001 முதல் இவ்வெண்ணைக் கொண்டு வாகனங்களுக்குத் தரமிட்டு வந்தது. அகலம் 1.4 மீற்றர், மையத்தின் உயரம் 0.7 மீற்றர் எனக் கொண்டால் விடை 1. மையம் 10 சென்ரிமீற்றர் உயர்ந்தால் விடை 0.875. எட்டில் ஒரு பங்கு உறுதி போயிற்று! பின்பெட்டியில் ஆட்கள் எழுந்து நின்றால் மையம் இன்னும் உயரும் என்பதையும் சேர்த்து எண்ணுக.

இதனினும் மறைவான ஆபத்து ஒன்று பிறேக்கில் உண்டு. ஹைலக்ஸ் போன்ற பல பிக்கப்புகளில், பின்னச்சுக்கும் செஸி என்னும் சட்டகத்துக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பி செல்வதைக் காணலாம். பாரத்தை அறியும் பிறேக் வால்வின் கை அது. சுமை ஏறி வாகனம் தாழ்ந்தால், அக்கை அசைந்து பின்சக்கரங்களுக்குக் கூடிய பிறேக் அழுத்தத்தை விடும். வெறுமையாய் எழுந்து நின்றால், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதவாறு அழுத்தத்தைக் குறைக்கும். வாகனத்தை உயர்த்திவிட்டு இக்கையைத் திருத்தாது விட்டால் நிகழ்வது யாது? பெட்டி நிறைய நெல்மூடை இருந்தாலும், வாகனம் வெறுமையாய் இருப்பதாகவே வால்வு கொள்ளும். பின்பிறேக் தன் பங்கைச் செய்யாது. நிற்க வேண்டிய இடத்தில் வாகனம் நில்லாது. தெருவைக் கடக்கும் குழந்தைக்கு, சில அடி தூரம் என்பது உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட தூரமன்றோ? இறப்பராலான பிறேக் குழாயையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும்; சக்கரம் முற்றாகக் கீழே தொங்கும் நிலையில் அது இழுபட்டு விறைக்கலாகாது.

ஆகவே, இவ்வேலையில் இறங்குவோர் ஓர் ஒழுங்கைக் கைக்கொள்ளுதல் நன்று. அளத்தல் முதலாவது; தேய்ந்தவற்றைப் புதுப்பித்தல் இரண்டாவது; அதன்பின்னும் தேவையெனில் மாத்திரம் உயர்த்தல். குடும்பப் பாவனைக்குரிய வாகனத்துக்கு 2 அங்குலத்துக்கு மேற்படாதிருத்தல் விவேகம். அந்த உயரத்துக்கு ஏற்ற நீளமுள்ள ஷொக் அப்சோபரையே பூட்டுக. கழற்றிய யூ போல்ற்றுகளை மறுபடி பாவியாது புதியனவற்றை இட்டு, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்குக. இறப்பர் புஷ்களின் ஆணிகளை, வாகனம் தன் சக்கரங்களில் நிற்கும்போதே இறுதியாக இறுக்குதல் வேண்டும். தூக்கிவைத்த நிலையில் இறுக்கினால், இறப்பர் எந்நேரமும் முறுக்குண்டு விரைவிற் கிழியும். இயக்கத்தைப் பின்னச்சுக்குக் கொண்டு செல்லும் தண்டு புதிதாக அதிர்கிறதா என்று ஓட்டிப் பார்க்க. பிறேக் வால்வின் கையை, அவ்வாகனத்துக்குரிய கைந்நூலில் உள்ளபடி திருத்துவிக்க. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்க.

நல்ல கராஜ்காரரை இனங்காண ஒரு வழி சொல்வோம். “எத்தனை அங்குலம் வேண்டும்?” என்று முதலிற் கேட்பவரைவிட, “என்ன ஏற்றுகிறீர்கள்? எந்தப் பாதையில் ஓடுகிறீர்கள்? பின்னால் ஆட்கள் ஏறுவதுண்டா?” என்று வினவுபவரையே நாடுக. மாணவரும் வேலை நடக்கும்போது அருகில் நின்று பார்க்கலாம். வகுப்பில் விற்சுருளும் நிறையும் கொண்டு படித்த ஊக்கின் விதி, தம் வீட்டு வாகனத்தின் கீழே எண்ணெயும் துருவும் படிந்து தொழில் செய்வதைக் காண்பது எந்தப் பாடநூலும் தராத கல்வி. அளவு நாடாவைப் பிடிக்கும் வேலையை அவர்களிடமே ஒப்படையுங்கள்.