ஷிஃப்ட் முடிந்து வந்த காதுக்கு என்ன ஹெட்போன்?

நள்ளிரவை நெருங்கும் நேரம். பேரிகையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஓசூரில் இரண்டாவது ஷிஃப்ட் முடித்து, பாகலூர் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய இளைஞர் குளித்துச் சாப்பிட்டுவிட்டார். ஹாலில் அப்பா தூங்குகிறார். விடிவதற்குள் எழுந்து குடைமிளகாய்க்குத் தண்ணீர் விடவேண்டும். உள்ளறையில் அக்காவின் கைக்குழந்தை. இவருக்கோ உடம்பு அசந்தாலும் உடனே தூக்கம் வராது, ஒரு மணி நேரமாவது பாட்டு கேட்கவேண்டும். அந்த வீட்டில் ஸ்பீக்கர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பேரிகை என்றால் தமிழில் முரசு. முரசைப் பெயராகக் கொண்ட ஊரில், பக்கத்து அறைக்குக்கூடச் சத்தம் போகாமல் பாட்டு கேட்பது எப்படி என்பதுதான் இந்த வாரம் நம் விஷயம்!

ஓசூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. ஒருவர் வயலுக்கு, ஒருவர் சிப்காட்டுக்கு. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். போனில் இருக்கும் பாட்டு லிஸ்ட்டிலும் கண்டசாலா, ராஜ்குமார், டி.எம்.எஸ் என மூன்றும் கலந்திருக்கும். இப்படிப்பட்ட ஒருவர் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி, நல்ல ஹெட்போன் செட்டப் ஒன்றை வீட்டில் அமைக்க நினைத்தால் எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலானவர்கள் தொடங்குவது தப்பான இடத்தில். பளபளவென்று விளக்கு எரியும் ஆம்ப்ளிஃபயரின் படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். அதற்குப் பொருத்தமாக ஹெட்போன், பிறகு தடிமனான கேபிள், பிறகு எல்லாவற்றையும் வைக்க ஒரு ஸ்டாண்ட். பாட்டின் முறை கடைசியில்தான் வருகிறது.

விலையைப் பார்த்து மயங்கவேண்டாம்

ஹெட்போனின் கதை தொடங்கியதே ஒரு சமையலறையில்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின், 1910-ல் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். அவர்களுக்குப் பிடித்துப்போய் ஆர்டர் கொடுத்தார்கள். ரேடியோ ஆபரேட்டரின் கருவியாக இருந்ததைப் பாட்டு கேட்கும் பொருளாக மாற்றியவர் ஜான் காஸ். அவருடைய ஸ்டீரியோ ஹெட்போன் வந்தது 1958-ல். பின்பக்கம் மூடாத 'ஓப்பன்' வகையை 1968-ல் ஹெச்.டி. 414 என்ற மாடலாக சென்ஹைசர் நிறுவனம் கொண்டுவந்தது. இன்று கடையில் தொங்கும் எதை எடுத்தாலும் இந்த மூவரில் யாராவது ஒருவருக்குப் பேரன் பேத்திதான்.

விலைக்கு வருவோம். ஒலியியல் ஆய்வாளர் யெரூன் பிரேபார்ட், 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலி வரை எதை எவ்வளவு தூக்கிக் கொடுக்கிறது, எதை அமுக்குகிறது என்ற போக்குக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பது அதன் முடிவு. விலை கூடினால் குஷன் மெத்தென்றிருக்கலாம், உழைப்பு கூடலாம், உதிரிபாகம் கிடைக்கலாம். பாட்டு நன்றாகக் கேட்கும் என்பதற்கு மட்டும் விலைச்சீட்டு உத்தரவாதம் ஆகாது.

காதுக்குள் செருகும் ஒயர் இயர்போன்களில் இது கண்கூடு. மூன்டிராப், 7ஹெர்ட்ஸ் போன்ற சீன நிறுவனங்கள் 2,000 ரூபாயைச் சுற்றி விற்கும் சில மாடல்கள், பத்து மடங்கு விலையுள்ளவற்றோடு போட்டி போடுகின்றன. எனவே முதல் செட்டப்புக்குக் கடன் வாங்கவேண்டாம், இ.எம்.ஐ-யும் வேண்டாம்.

சரி, ஓப்பனா, மூடியதா, காதுக்குள் செருகுவதா? இதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட வீட்டைக் கேட்பது நல்லது. ஓப்பன் வகையில் பாட்டு தலைக்கு வெளியே விரிந்து கேட்கும், காது புழுங்காது. ஆனால் உள்ளே ஓடுவது வெளியேயும் கசியும். நடுநிசியில், பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கேட்டுவிடும். தனி அறை இருந்தால் மட்டும் அது சரிப்படும். அதில் ஒரு வசதியும் உண்டு: குழந்தை அழுதாலோ அம்மா கூப்பிட்டாலோ காதில் விழும். மூடிய வகை அதற்கு நேர் எதிர். சென்னை வெயிலில் அரை மணி நேரத்தில் காதைச் சுற்றி வேர்த்துவிடும். பேரிகையின் மார்கழி இரவில் அதுவே காதுக்குக் கம்பளி. ஹாலில் எல்லோரோடும் படுப்பவருக்குக் காதுக்குள் செருகும் வகைதான் தோது. ஆனால் அதன் ரப்பர் முனை சரியான அளவில் இருக்கவேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் பேஸ் மொத்தமும் காணாமல் போய், பாட்டு தகர டப்பாவில் போட்டு உருட்டியதுபோல் ஆகிவிடும். "இந்த இயர்போன் சரியில்லை" என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் சிலவற்றுக்காவது தேவைப்பட்டது வேறு சைஸ் ரப்பர் மட்டும்தான்.

டப்பா எதற்கு, எப்போது?

இன்றைய போன்கள் பலவற்றில் ஹெட்போன் ஓட்டையே இல்லை. ஐபோனில் அது 2016-ல் ஐபோன் 7 மாடலோடு போயிற்று. (அதே ஐபோனின் பாகங்கள் இன்று ஓசூரை அடுத்த டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராகின்றன. பகலெல்லாம் போன் பாகத்தோடு இருந்துவிட்டு, இரவில் அந்தப் போனில் ஒயரைச் செருக வழி தேடுபவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கக்கூடும்!)

வழி சுலபம். யு.எஸ்.பி-சி முனையில் செருகும் விரல் நீள டாங்கிள் போதும். போனிலிருந்து வரும் டிஜிட்டல் எண்களைக் காதுக்கான மின்சாரமாக மாற்றும் 'டேக்' என்ற சில்லும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் ஆப்பிள் விற்கும் டாங்கிளே அளவீடுகளில் நல்ல பெயர் வாங்கியது. ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் அதன் ஒலி குறைவாக வரும் என்பதால், ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் வேறு டாங்கிள் பார்ப்பது நல்லது.

அப்படியானால் பெரிய ஆம்ப்ளிஃபயர் யாருக்கு? சில ஹெட்போன்களுக்கு அதிக வோல்டேஜ் தேவை. 1997-ல் வந்து இன்றும் விற்கும் சென்ஹைசர் ஹெச்.டி. 600-ன் மின்தடை 300 ஓம். பல சின்ன டாங்கிள்களில் அது முனகத்தான் செய்யும். மாறாக, 32 ஓம் அளவில் இருக்கும் சாதாரண இயர்போனுக்கு மேசை ஆம்ப்ளிஃபயர் வாங்குவது, டி.வி.எஸ். 50-க்கு லாரி டேங்க் பொருத்துவது மாதிரி. வால்யூமைப் பாதி வைத்தாலே போதுமான சத்தம் வருகிறதா? அப்படியானால் டப்பா தேவையில்லை. அந்தக் காசு மிச்சம்.

லேப்டாப்பில் கேட்பவர்களுக்கு ஒன்று. சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால், உடனே ஹெட்போனைக் குறை சொல்லவேண்டாம். பழைய வீட்டு ஒயரிங்கில் மூன்றாவது பின்னுக்கு எர்த் இல்லாமலிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டைவிட முக்கியமான வேலை அது. ரீங்காரத்தை நிறுத்த ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை உடைக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

வாங்கியது கொஞ்சம் இரைச்சலாகவோ மந்தமாகவோ பட்டால், அடுத்த மாடலுக்குத் தாவும் முன் ஈக்வலைசரைத் தொட்டுப்பார்க்கலாம். 'ஆட்டோஇக்யூ' என்ற இலவசத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கான திருத்தங்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் 'வேவ்லெட்' என்ற ஆப்பில் உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் திருத்தம் தானாக வந்துவிடும். ஹெட்போன் பொழுதுபோக்கில் இதைவிட மலிவான அப்கிரேடு கிடையாது.

மிருதங்கத்தை வைத்துச் சோதியுங்கள்

புது ஹெட்போனைச் சோதிக்க ஆங்கிலப் பாட்டு லிஸ்ட்கள் ஏராளம். நம் காதுக்கு நன்றாகத் தெரிந்த வாத்தியத்தை விட்டுவிட்டு அதெல்லாம் எதற்கு? மிருதங்கம் போதும். இடந்தலையான தொப்பியில் ரவைப் பசை, வலந்தலையில் கரணை. ஒரு பக்கம் அடிவயிற்றில் இறங்கும் கும்கி, மறுபக்கம் சுத்தமான சுருதியோடு நறுக்கென்று விழும் சொல். ஒரு தனி ஆவர்த்தனத்தை ஓடவிடுங்கள். தொப்பியின் கும்காரம் வலந்தலையின் விரல்களை விழுங்கிவிட்டால், அந்த ஹெட்போனில் பேஸ் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. கடைகளில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று அச்சடித்து விற்கும் பலவும் இந்தச் சோதனையில் தோற்கும்.

அடுத்தது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-ல் வந்த இந்த ஆல்பத்தில் வி.எஸ்.நரசிம்மனின் வயலினைக் கேளுங்கள். வில் நரம்பில் உரசும் சன்னமான சொரசொரப்பு கேட்கவேண்டும். ஆனால் காதைக் கீறக்கூடாது. 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலில் மூச்சுக்காற்று தெரியவேண்டும்.

பழைய பாட்டுக்காரர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. மோனோவில் பதிவான பாடல்கள் ஹெட்போனில் நடு மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். இடம் வலம் என்ற பேச்சே இருக்காது. அது ஹெட்போனின் குறையல்ல, பதிவே அப்படித்தான். தமிழ் சினிமாவில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவது 1978-ல் வந்த 'பிரியா' படத்தின் பாடல்களை. அதையும் அதற்கு முந்தைய படம் ஒன்றின் பாடலையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் ஒரு நிமிடத்தில் புரியும். யாரோ டேப்பிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றிய பாட்டை 30,000 ரூபாய் ஹெட்போனில் கேட்டால், டேப்பின் இரைச்சல்தான் 30,000 ரூபாய்க்குத் துல்லியமாகக் கேட்கும்.

காது பொய் சொல்லும் நேரம்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி வருவது தொழிற்சாலைக்குப் போய்வரும் காதுகளுக்கு.

இரைச்சலான இடத்தில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் காது தற்காலிகமாக மந்தமாகிவிடும். பொதுவாக முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகள். பாடகியின் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மையும், சிம்பலின் மினுக்கும், வீணை மீட்டலின் முனையும் இருப்பது அந்தப் பக்கத்தில். சில மணி நேர ஓய்வில் இந்த மந்தம் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் நம் இளைஞர் பாட்டு கேட்பதோ அந்தத் தெளிவு வருவதற்கு முன்பே! பாட்டு மங்கலாகக் கேட்கிறது. வால்யூமைக் கூட்டுகிறார். ட்ரெபிளையும் ஏற்றுகிறார். அப்போதும் திருப்தி இல்லையென்றால், "ஹெட்போன் சரியில்லை" என்று அடுத்ததை ஆர்டர் போடுகிறார். ஓய்வு தேவைப்படும் நேரத்தில் காதுக்கு இன்னொரு ஷிஃப்ட் ஓடுகிறது.

இந்தியத் தொழிற்சாலை விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட இரைச்சல் அளவு 90 டெசிபல். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைப்பது 85. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையவேண்டும் என்கிறது நியாஷ். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பாட்டு கேட்பதற்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். முழு வால்யூமில் பல போன்களும் இயர்போன்களும் 100 டெசிபலைத் தாண்டக்கூடியவை. ஆலையில் ஏற்கெனவே ஒரு நாளைய பங்கைத் தீர்த்துவிட்டு வருபவருக்கு, இரவுக்கென்று மிச்சமிருப்பது ரொம்பக் குறைவு. நிரந்தரமாகப் போன கேள்திறனைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை. ஹெட்போனை மாற்றலாம், டாங்கிளை மாற்றலாம். உள்காதில் இருக்கும் உணர்வு செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

ஆகவே செட்டப்புக்கான பட்ஜெட்டில் முதல் செலவு, வேலையிடத்தில் ஒழுங்காகப் போடும் காதடைப்பான். கம்பெனியிலேயே கொடுப்பார்கள், சட்டைப் பையில் இருந்தால் பயன் இல்லை, காதில் இருக்கவேண்டும். பஸ்ஸில் பாட்டு கேட்கும் பழக்கம் இருந்தால், என்ஜின் சத்தத்தோடு போட்டி போட்டு வால்யூம் தானாக ஏறும். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனையோ, நாய்ஸ் கேன்சலிங் வசதியோ இருந்தால் குறைந்த வால்யூமிலேயே கேட்கலாம். இல்லாவிட்டால் பஸ்ஸில் தூங்குவதே லாபம்.

வால்யூம் அளவை எப்போது முடிவு செய்வது? வாரவிடுமுறை நாளில், காலை எழுந்ததும். காது தெளிவாக இருக்கும் அந்த நேரத்தில், அமைதியான அறையில், பாட்டு நிறைவாகக் கேட்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்து, எத்தனை புள்ளி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஆப்பிளின் இயர்போனோ டாங்கிளோ பயன்படுத்தினால், ஹெல்த் ஆப்பில் டெசிபல் கணக்கையும் பார்க்கலாம். புது ஹெட்போன் நன்றாக இருக்கிறதா என்ற தீர்ப்பும் அதே காலை நேரத்தில்தான். ஷிஃப்ட் முடிந்த இரவில் வேண்டாம்.

நள்ளிரவில் அந்தக் குறித்துவைத்த அளவில் கேட்டால் முதல் பாட்டு கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். கை தானாக வால்யூம் பட்டனுக்குப் போகும். விட்டுவிடுங்கள், இரண்டாவது பாட்டுக்குள் பழகிவிடும். ஒரு மணி நேரம் ஓடினால் தானாக நிற்கும்படி போனில் ஸ்லீப் டைமர் வைத்துக்கொண்டால் கழற்ற மறந்து தூங்கினாலும் பரவாயில்லை. காலையில் குடைமிளகாய்க்குத் தண்ணீர் விட்டுவிட்டு அப்பா திரும்பி வரும்போது இவர் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார். அடுத்த பஸ் மதியம்தானே.