தலைக்குள் ஓர் இரைச்சல்

 

"ஹஜ்ரத்! தலைக்குள் இரைச்சல் கேட்கிறது, ஓதிப் பாருங்கள்" என்று தண்ணீர்க் குவளையுடன் மதரஸாவுக்கு வருவோர் உண்டு. ஜின்னின் வேலையோ என்று உடன் வந்தவர் மெல்லக் கேட்பார். நான் ஓதி ஊதுகிறேன், துஆவும் செய்கிறேன். ஆனால் முதலில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இரைச்சல் நாடித் துடிப்போடு ஒத்து வருகிறதா? அண்மையில் தலையில் அடிபட்டதா?

சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் திருத்தணிக்காரர்களாகிய நமக்கு இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது.

கண்ணுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில், சிரை இரத்தம் செல்லும் குகை போன்ற இடம் ஒன்று உண்டு. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கழுத்துத் தமனி அதனூடே செல்கிறது. பலத்த அடியில் அத்தமனி கிழிந்தால், விசையோடு பாயும் இரத்தம் சிரைக்குள் புகுந்து கண்ணின் பக்கம் திரும்பிவிடும். கண் சிவந்து பிதுங்கும். பொருள்கள் இரண்டாகத் தெரியும். விபத்துக்குச் சில நாள்களோ வாரங்களோ கழித்தும் இது தோன்றக்கூடும். ஆகவே 'மெட்ராஸ் ஐ' என்றெண்ணிச் சொட்டு மருந்திலேயே காலம் கழிப்போர் உளர். அதற்குள் பார்வை பறிபோய்விடலாம். மூடிய இமைமீது ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் அவ்விரைச்சல் பெரும்பாலும் மருத்துவருக்கும் கேட்கும். நோயாளி சொல்வது பிரமையன்று!

1809-இல் லண்டனில் பெஞ்சமின் டிராவர்ஸ் என்னும் அறுவை மருத்துவர், கண் பிதுங்கித் துடித்த ஒரு கர்ப்பிணிக்குக் கழுத்துத் தமனியையே கட்டிக் குணப்படுத்தினார். மூளைக்குச் செல்லும் வழியையே அடைக்கும் வைத்தியம் அது! மாஸ்கோவின் செர்பினென்கோ, குழாய் வழியே சிறு பலூனைச் செலுத்தி ஓட்டையை மட்டும் அடைக்கும் முறையை 1974-இல் மருத்துவ உலகுக்கு விளக்கினார். 1990-இல் இத்தாலியரான குக்லியெல்மி பிளாட்டினச் சுருள்களைக் கொண்டுவந்தார். இன்று தொடையிடுக்கின் இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தவாறே கிழிசலை அடைக்கிறார்கள். மண்டையோட்டைத் திறப்பதில்லை. ஆபத்தே இல்லை என்று கூறமாட்டேன். பக்கவாதம் நேரும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. மருத்துவரிடம் அதனைக் கேட்டறிந்தே கையொப்பமிடுங்கள்.

நமக்கு வேலூர் தொலைவன்று. அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில்தான் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அரக்கோணம் சென்றால் காட்பாடிக்கு ரயில் உண்டு. ஓதிய தண்ணீரை ரயிலிலும் அருந்தலாம்.